நம்பர்ஸ் தொடரில் புலனாய்வாளர்களின் குடும்ப உறவுகள்

நம்பர்ஸ் என்பது அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 2005 ஜனவரி 23 முதல் 2010 மார்ச் 12 வரை ஒளிபரப்பான குற்றப் புலனாய்வுத் தொடராகும். ஆறு பருவங்களில் 118 அத்தியாயங்கள் வெளிவந்தன. லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் கதை நடக்கிறது. எஃப்.பி.ஐ. அதிகாரியான அண்ணன் டான் எப்ஸ் குற்றங்களை விசாரிக்கிறார். கணிதப் பேராசிரியரான தம்பி சார்லி எப்ஸ் கணக்குப் போட்டு அவருக்கு வழிகாட்டுகிறார். ஓய்வுபெற்ற நகரத் திட்டமிடல் அலுவலரான தந்தை ஆலன் எப்ஸ் இருவருக்கும் நடுவில் நிற்கிறார். தொடரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் எழுத்துக்குப் பதிலாக 3 என்ற இலக்கத்தை இட்டு எழுதுவர்.

கணிதத்தைக் கொண்டு குற்றவாளியைப் பிடிக்கும் தொடர் என்றே இது பரவலாக அறியப்பட்டது. ஆனால் கணக்கு என்ன என்பதை மறந்துவிட்ட பார்வையாளர்களுக்கும் அந்த வீட்டின் சாப்பாட்டு மேசை நினைவிருக்கும். இத்தொடரில் குடும்ப உறவு துப்பறியும் கதைக்கு இடையே வரும் இளைப்பாறல் அன்று. வழக்கு துலங்குவதும் சில வேளை சிக்கலாவதும் அந்த உறவைப் பொறுத்தே அமைகின்றன.

எப்ஸ் குடும்பம்

ஆங்கிலத்தில் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே சொல்தான். தமிழில் மூப்பு சொல்லிலேயே தெரிந்துவிடும். இத்தொடரின் சிக்கல் அந்த மூப்பில்தான் இருக்கிறது என்பதால் இக்கட்டுரையில் அண்ணன், தம்பி என்றே குறிப்பிடப்படுகிறது.

டானுக்கும் சார்லிக்கும் ஐந்து வயது இடைவெளி. சார்லி மூன்று வயதிலேயே நான்கு இலக்க எண்களை மனக்கணக்காகப் பெருக்கிய குழந்தை. பள்ளி வகுப்புகளைத் தாண்டித் தாண்டிப் படித்து, தன்னைவிட ஐந்து வயது மூத்த அண்ணனோடு ஒரே ஆண்டில் உயர்நிலைப் பள்ளியை முடிக்கிறான். பதின்மூன்று வயதுச் சிறுவனைத் தொலைவிலுள்ள பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்குத் தனியே அனுப்ப முடியாது. ஆகவே வழக்கறிஞரான தாய் மார்கரெட் அவனோடு செல்கிறார். தந்தையும் மூத்த மகனும் கலிபோர்னியாவில் தங்கிவிடுகின்றனர்.

இது தொடர் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் நடந்தது. திரையில் முழுக் காட்சியாக வராமல், பேச்சின் இடையே துண்டு துண்டாகவே வெளிப்படுகிறது. எனினும் எல்லாவற்றுக்கும் வேர் இதுதான். மேதையான ஒரு பிள்ளை பிறந்த வீட்டில் மற்றப் பிள்ளையின் நிலை என்ன என்ற கேள்வியை இத்தொடர் தயங்காமல் எழுப்புகிறது. டான் மோசமான மாணவன் அல்லன். விளையாட்டில் திறமை மிக்கவன். சிறுநிலைத் தொழில்முறை பேஸ்பால் அணியில் ஆடியவன். சாதாரண வீட்டில் பிறந்திருந்தால் அவனே அந்த வீட்டின் பெருமையாக இருந்திருப்பான். இங்கே அவன் ‘சார்லியின் அண்ணன்’ ஆகிவிட்டான். பள்ளியில் ஒரே வகுப்பில் தம்பியோடு நின்று சான்றிதழ் வாங்கும் பதினெட்டு வயது இளைஞனின் மனத்தை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். வகுப்பறையில் பல ஆண்டுகள் நின்ற எந்த ஆசிரியரும் இப்படிப்பட்ட உடன்பிறப்புகளைக் கண்டிருப்பார்.

இதில் சார்லியின் குற்றம் எதுவுமில்லை என்பதையும் தொடர் மறைக்கவில்லை. அவனும் தன் வயதுக் கூட்டாளிகள் இல்லாமல் வளர்ந்தவன். அண்ணனின் நண்பர் வட்டத்துக்குள் நுழைய ஏங்கியவன். அண்ணன் அவனை ஒட்டவிடவில்லை. வளர்ந்த பின் வழக்குகளில் உதவ அவன் ஓடி ஓடி வருவதற்கு நாட்டுப்பற்று, அறிவியல் ஆர்வம் என்று பல காரணங்கள் சொல்லலாம். அண்ணனோடு சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டும் என்ற சிறுவயது ஆசையே அவற்றுள் முதன்மையானது.

தொடர் தொடங்குவதற்கு ஏறக்குறைய ஓராண்டுக்கு முன் தாய் மார்கரெட் புற்றுநோயால் இறந்துவிடுகிறார். அவரது நோயின் காரணமாகவே டான், நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரில் வகித்த பொறுப்பை விட்டு, சொந்த ஊருக்கு மாற்றலாகி வந்தார். ஆக, பல ஆண்டுகள் பிரிந்திருந்த அண்ணனையும் தம்பியையும் ஒரே ஊரில் சேர்த்து வைத்தது தாயின் இறுதி நாட்கள்.

சாப்பாட்டு மேசையில் விரியும் வழக்கு

முதல் அத்தியாயத்தில் டான் ஒரு தொடர் குற்றவாளியைத் தேடிக்கொண்டிருக்கிறார். குற்றம் நடந்த இடங்கள் குறிக்கப்பட்ட நகர வரைபடம் தந்தையின் வீட்டில் இருக்க, அது சார்லியின் கண்ணில் படுகிறது. அடுத்த குற்றம் எங்கே நடக்கும் என்று கணிக்க முடியாதா என்பதே பொதுவாக எழும் கேள்வி. சார்லி அதைத் திருப்பிப் போடுகிறார். புல்தரையில் சுழன்று நீர் தெளிக்கும் கருவியை எண்ணிப் பாருங்கள். அடுத்த துளி எங்கே விழும் என்று சொல்ல இயலாது. ஆனால் விழுந்த துளிகள் போதிய அளவு தெரிந்தால், கருவி எங்கே இருக்கிறது என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். துளிகள் குற்றம் நடந்த இடங்கள். கருவி குற்றவாளியின் இருப்பிடம்.

இது கற்பனைக் கணக்கு அன்று. கனடாவின் வான்கூவர் காவல்துறையில் பணியாற்றிய கிம் ராஸ்மோ 1990களில் வளர்த்தெடுத்த புவியியல் முறைக் கணிப்பே இதன் அடிப்படை. குற்றவாளி தன் வீட்டு வாசலிலேயே குற்றம் செய்யமாட்டான், வெகுதூரமும் போகமாட்டான். இந்த இரண்டு இயல்புகளையும் ஒரே சூத்திரத்தில் அடக்கினால் வரைபடத்தில் ‘சூடான பகுதி’ ஒன்று தெரியும். கதையில் சார்லியின் முதல் கணிப்பு பலன் தரவில்லை. மனிதனுக்கு வீடு ஒரு மையம் என்றால் வேலையிடம் இன்னொரு மையம் என்று உணர்ந்து அவர் கணக்கைத் திருத்துகிறார். பலன் தராத அந்த நாட்களில் அண்ணன் தன் அலுவலகத்தில் தம்பிக்காகத் தலைகுனிய வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து வந்த நிபுணர் தவறினால் அதிகாரி அவரை மாற்றிவிடலாம். தம்பியை மாற்ற முடியாது. தொடர் முழுவதும் வரும் நெருக்கடி முதல் நாளிலேயே அமைந்துவிடுகிறது.

பின்னர் வரும் அத்தியாயங்களில் இந்த அமைப்பு நிலைபெறுகிறது. அலுவலகத்தில் முடிச்சு விழும், வீட்டில் அவிழும். பெரும்பாலும் அவிழ்ப்பவர் சார்லி என்றாலும், அவருக்குப் பொறி தட்டுவது தந்தையின் சாதாரணப் பேச்சிலிருந்தே பல முறை நிகழ்கிறது. நகரத் திட்டமிடலில் ஊறிய ஆலனுக்கு மக்கள் எந்தப் பாதையில் போவார்கள், எந்தத் தெருவைத் தவிர்ப்பார்கள் என்பது அனுபவத்தால் தெரியும். மகன் சமன்பாட்டில் தேடுவதைத் தந்தை நடைமுறை அறிவில் வைத்திருக்கிறார்.

கார் கொட்டகையும் கரும்பலகையும்

இரண்டாவதாக ஒளிபரப்பான ‘அன்சர்ட்டன்ட்டி பிரின்சிப்பிள்’ அத்தியாயம் (2005 ஜனவரி 28) இக்குடும்பத்தைப் புரிந்துகொள்ள மிக முக்கியமானது. தொடரில் ஒரே ஓர் அத்தியாயம் பார்க்க நேரமுள்ளவர்கள் இதைப் பார்ப்பது நல்லது.

வன்முறை இல்லாமல் மரியாதையாக வங்கிகளைக் கொள்ளையடிக்கும் இருவர் அடுத்து எங்கே வருவார்கள் என்று சார்லி கணித்துச் சொல்கிறார். கணிப்பு பலிக்கிறது. ஆனால் காத்திருந்த அதிகாரிகள் மீது எதிர்பாராத துப்பாக்கிச் சூடு நடக்கிறது. ஓர் அதிகாரி இறக்கிறார், டானும் காயமடைகிறார். கவனிக்கப்படும் பொருள் கவனிப்பதாலேயே மாறிவிடும் என்ற இயற்பியல் கருத்து கதைக்குப் பெயரானது: தாங்கள் கண்காணிக்கப்படுகிறோம் என்று தெரிந்ததும் கொள்ளையரின் போக்கு மாறிவிட்டது.

அதன் பிறகு சார்லி வீட்டுக் கார் கொட்டகைக்குள் புகுந்து, கரும்பலகைகளை நிரப்பத் தொடங்குகிறார். அழைத்தால் வருவதில்லை, வழக்கைப் பற்றிக் கேட்டால் பதில் இல்லை. அவர் எழுதுவது கணினி அறிவியலின் புகழ்பெற்ற விடைகாணாப் புதிர். பள்ளிக் கால அட்டவணையை உவமையாகக் கொள்ளலாம். யாரோ போட்டுத் தந்த அட்டவணையில் ஓர் ஆசிரியருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பு வருகிறதா என்று சரிபார்ப்பது எளிது. எல்லா ஆசிரியர்க்கும் எல்லா வகுப்புக்கும் இடிக்காமல் புதிதாக அட்டவணை போடுவது மிகக் கடினம். ஆசிரியர் எண்ணிக்கை கூடக் கூட அது கட்டுக்கடங்காமல் போகும். சரிபார்க்க எளிதான கணக்குகள் எல்லாவற்றுக்கும் விடை காணவும் எளிய வழி உண்டா, இல்லையா? இதுதான் கேள்வி. கிளே கணிதக் கழகம் 2000ஆம் ஆண்டில் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்த ஏழு புதிர்களுள் இதுவும் ஒன்று. இன்னும் விடை கிடைக்கவில்லை.

இந்தப் புதிரோடு சார்லி மல்லுக்கட்டுவது இது முதல்முறை அல்ல என்பது அப்போதுதான் தெரியவருகிறது. தாய் நோயில் படுத்திருந்த கடைசி மூன்று மாதங்களும் அவர் இதே கொட்டகையில், இதே புதிரோடு அடைந்து கிடந்தார். தாயின் அருகே இருந்தவர்கள் தந்தையும் அண்ணனும்தான்.

இங்கே டானின் கோபத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். இளமையில் தாயின் ஆண்டுகளைத் தம்பி எடுத்துக்கொண்டான். அவருடைய இறுதி மாதங்களில் அதே தம்பி வரவில்லை. டான் கத்தித் தீர்த்திருந்தால் அது இயல்பே. ஆனால் தொடர் வேறொன்றைக் காட்டுகிறது. தீர்வே இல்லாத நோயைக் கண்டு அஞ்சிய மனம், தீர்வே கிடைக்காத கணக்கில் ஒளிந்துகொண்டது என்பதைத் தந்தை புரிந்துவைத்திருக்கிறார். அண்ணனும் மெல்ல மெல்லப் புரிந்துகொள்கிறார். அண்ணன் துப்பாக்கி முன் நின்றதைக் கண்டதும் தம்பி மீண்டும் அங்கே ஓடியது அன்பில்லாமல் அன்று. ஓர் அதிகாரி தன் உதவியாளரிடம் அறிக்கை கேட்பது போலத் தொடங்கும் விசாரணை, ஒரு குடும்பத்தின் துக்க விசாரிப்பாக முடிகிறது.

இக்கருத்து பின்னாளில் திரும்பி வருகிறது. ஐந்தாம் பருவத்தில் ஒரு வழக்கில் சார்லியின் பகுப்பாய்வில் ஒன்று விட்டுப்போகிறது. டான் கத்தியால் குத்தப்பட்டு உயிருக்குப் போராடுகிறார். இம்முறை சார்லி கொட்டகைக்குள் ஒளியவில்லை. தன் தவறைத் தேடித் தேடிக் கண்டுபிடித்து அதோடு வாழக் கற்றுக்கொள்கிறார்.

உறவா, உத்தியோகமா?

உடன்பிறந்தவரை அரசு வேலைக்குள் கொண்டுவருவது நடைமுறையில் சரியா என்ற ஐயம் மாணவர்களுக்கு எழலாம். அமெரிக்காவில் அரசு அலுவலர் தம் நெருங்கிய உறவினரைப் பணியமர்த்துவதைத் தடுக்கும் கூட்டரசுச் சட்டம் 1967 முதல் உள்ளது. தொடர் இதைச் சார்லியின் தகுதியைக் கொண்டு சமாளிக்கிறது. அவர் அண்ணனின் தயவில் வந்தவர் அல்லர். ஏற்கெனவே தேசியப் பாதுகாப்பு முகமைக்கு ஆலோசகராக இருந்தவர். இரகசியத் தகவல்களைப் பார்க்கும் அனுமதியில் தம்பியின் படிநிலை அண்ணனுடையதைவிட உயர்ந்தது! இது அண்ணனுக்கே பிறகுதான் தெரியவருகிறது. அந்த இடத்தில் டான் முகத்தில் தோன்றும் மாற்றத்தை விவரிக்கத் தேவையில்லை.

நான்காம் பருவத்தின் இறுதியில் (2008) இந்த ஐயம் முழு வடிவம் பெறுகிறது. சார்லியோடு பணியாற்றும் பாகிஸ்தானிய விஞ்ஞானி ஒருவர் பயங்கரவாதத் தொடர்பு உண்டென்ற சந்தேகத்தில் சிக்குகிறார். அவர் குற்றமற்றவர் என்று நம்பும் சார்லி, அவரது ஆய்வுத் தகவல்களைப் பாகிஸ்தானில் உள்ள அறிவியலாளர்களுக்கு அனுப்பிவிடுகிறார். அது சட்டப்படி குற்றம். சார்லி கைது செய்யப்பட்டு, பாதுகாப்பு அனுமதியை இழக்கிறார். அண்ணன் பணியாற்றும் அலுவலகத்துக்குள் அவர் ஆலோசகராக நுழைய முடியாமல் போகிறது. டானும் மேலிடத்தின் கேள்விகளுக்கு உள்ளாகிறார்.

மனச்சாட்சிப்படி நடந்த தம்பி ஒருபுறம், சட்டத்துக்குக் கட்டுப்பட்ட அண்ணன் மறுபுறம். யார் சரி என்று தொடர் தீர்ப்பளிக்கவில்லை. அண்ணன் தம்பியை விட்டுக்கொடுக்கவும் இல்லை, செய்தது சரி என்று ஒப்புக்கொள்ளவும் இல்லை. ஐந்தாம் பருவத்தில் சார்லி அனுமதியைத் திரும்பப் பெறுகிறார். ஆனாலும் அண்ணன் அழைத்தார், தம்பி வந்தார் என்ற பழைய எளிமை அதன்பின் இல்லை. தொடர் இந்தப் பிரச்சினையை இரண்டாம் பருவத்திலேயே எடுத்திருக்கலாம். நான்காண்டுகள் காத்திருந்தது சற்றே குறைதான்.

தந்தை ஆலன்

துப்பறியும் கதைகளில் பெற்றோர் பெரும்பாலும் புகைப்படச் சட்டத்துக்குள்தான் இருப்பார்கள். ஆலன் அப்படியல்லர். மனைவியை இழந்த பின் மீண்டும் எழுந்து நடக்கப் பழகும் முதியவரின் கதை ஒன்று இவரிடம் தனியே ஓடுகிறது. தம் வீட்டை விற்க நினைத்தபோது அதைச் சார்லியே வாங்கிவிடுகிறார். அதன்பின் மகனுடைய வீட்டில் தந்தை குடியிருக்கிறார். ஆனால் சமையலறையின் அதிகாரம் கைமாறவில்லை. வாடகை யார் யாருக்குத் தருவது என்ற வேடிக்கைப் பேச்சுகள் தொடருக்கு நல்ல நகைச்சுவை.

ஆலன் இளமையில் வியட்நாம் போரை எதிர்த்துக் குரல் கொடுத்தவர். அரசையும் எஃப்.பி.ஐ.யையும் ஐயத்தோடு பார்த்த தலைமுறை. அவருடைய மூத்த மகன் அதே எஃப்.பி.ஐ.யில் அதிகாரி. இரண்டாம் பருவத்தின் ‘புரொட்டெஸ்ட்’ அத்தியாயத்தில் பழைய போராட்ட நாட்கள் ஒரு புதிய வழக்கோடு வந்து மோதுகின்றன. மகன் தந்தையின் கடந்த காலத்தை விசாரிக்க வேண்டிய நிலை. தந்தையைப் பற்றி மகனுக்குத் தெரியாதவை எவ்வளவு என்பது அங்கே தெரிகிறது.

ஆலனாக நடித்தவர் ஜட் ஹிர்ஷ். டானாக ராப் மாரோவும் சார்லியாக டேவிட் கிரம்ஹோல்ட்சும் நடித்தனர். ஹிர்ஷும் கிரம்ஹோல்ட்சும் 1992இல் நியூயார்க் பிராட்வே அரங்கில் ‘கான்வர்சேஷன்ஸ் வித் மை ஃபாதர்’ என்ற நாடகத்தில் ஏற்கெனவே சேர்ந்து நடித்தவர்கள். அப்போது கிரம்ஹோல்ட்சு பதின்பருவத்தின் வாயிலில் இருந்த சிறுவன். அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயரும் சார்லி என்பது வியப்பான ஒற்றுமை.

குடும்பத்துக்குள் வந்தவர்கள்

சார்லியின் ஆய்வு மாணவியாக அறிமுகமாகி, பின் உடன் பணியாற்றும் பேராசிரியராகி, இறுதியில் மனைவியாகும் அமிதா ராமானுஜன் தமிழ் வாசகர்களுக்கு ஆர்வமூட்டும் பாத்திரம். கணித மேதை சீனிவாச ராமானுஜனை நினைவூட்டும் பெயர். நவி ராவத் இப்பாத்திரத்தில் நடித்தார். இரண்டாம் பருவத்தின் ‘ஹார்வெஸ்ட்’ அத்தியாயத்தில், சிறுநீரகத்தை விற்க அமெரிக்காவுக்கு அழைத்துவரப்பட்ட ஏழைப் பெண்களின் வழக்கு வருகிறது. தமிழ் பேசும் பெண்ணிடம் விவரம் அறிய அமிதாவின் உதவியை நாடுகிறார்கள். அதுவரை கணினி நிரலோடு மட்டும் வழக்குகளைத் தொட்ட அவர், தன் பெற்றோரின் மொழி வழியாக ஒரு வழக்குக்குள் நுழைகிறார்.

சார்லியின் மூத்த நண்பரும் வழிகாட்டியுமான இயற்பியலாளர் லாரி ஃபிளைன்ஹார்ட் (பீட்டர் மெக்நிக்கல்) இரத்த உறவு இல்லாத சித்தப்பா போன்றவர். டானின் குழுவினரான டேவிட், கோல்பி முதலியோர் அந்த வீட்டில் உரிமையோடு வந்து உண்பவர்கள். அரசு வழக்கறிஞர் ராபின் புரூக்ஸோடு டானுக்கு ஏற்படும் பிணைப்பு விட்டு விட்டுத் தொடர்ந்து, கடைசியில் உறுதியாகிறது.

பிற தொடர்களோடு ஒப்பீடு

துப்பறிபவருக்கு அறிவில் மிஞ்சிய உடன்பிறப்பு இருப்பது புதிய கற்பனை அன்று. ஷெர்லக் ஹோம்ஸின் அண்ணன் மைக்ராஃப்ட்டை ஆர்தர் கானன் டாயில் 1893இலேயே அறிமுகப்படுத்தினார். அங்கே மூத்தவர் அறிவாளி, நம்பர்ஸில் இளையவர். இந்தச் சிறு மாற்றமே கதையின் குணத்தை மாற்றிவிடுகிறது.

அதே சி.பி.எஸ். 2010 முதல் 2024 வரை ஒளிபரப்பிய ‘புளூ பிளட்ஸ்’ தொடரில் ரேகன் குடும்பம் தலைமுறை தலைமுறையாக நியூயார்க் காவல்துறையில் இருக்கிறது: தாத்தா முன்னாள் ஆணையர், தந்தை இந்நாள் ஆணையர், மகன்கள் காவலர்கள், மகள் அரசு வழக்கறிஞர். அங்கே ஞாயிற்றுக்கிழமை விருந்து மேசையில் ஒரே தொழிலின் பல குரல்கள் மோதும். எப்ஸ் வீட்டு மேசையில் மோதுவது வெவ்வேறு சிந்தனை முறைகள்.

திரைக்குப் பின்னால்

நம்பர்ஸை உருவாக்கிய நிக்கலஸ் ஃபலாச்சியும் ஷெரில் ஹியூட்டனும் கணவன் மனைவி. நிர்வாகத் தயாரிப்பாளர்களுள் ரிட்லி ஸ்காட்டும் டோனி ஸ்காட்டும் உடன்பிறந்த இயக்குநர்கள். அண்ணன் தம்பி கதையை ஓர் அண்ணன் தம்பியே தயாரித்தனர். முதலில் கதையைப் பாஸ்டன் பக்கம், எம்.ஐ.டி. கல்வி நிறுவனச் சூழலில் அமைக்கவும், டானாகக் கேப்ரியல் மாக்ட்டை நடிக்கவைக்கவும் எண்ணியிருந்தனர். பின் இரண்டும் மாறின.

கணிதச் செய்திகளைச் சரிபார்த்தவர்களுள் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் கேரி லார்டன் முக்கியமானவர். அவரும் கீத் டெவ்லினும் தொடரில் வரும் கணிதத்தை விளக்கி 2007இல் ஒரு நூல் வெளியிட்டனர். அமெரிக்கக் கணித ஆசிரியர்களின் தேசிய மன்றமும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து, தொடரையொட்டி வகுப்பறைப் பயிற்சித் தாள்களைத் தயாரித்து ஆசிரியர்களுக்கு அளித்தன. வெள்ளிக்கிழமை இரவு பார்த்த கதையைத் திங்கட்கிழமை வகுப்பில் கணக்காகப் போட்ட மாணவர்கள் கொடுத்துவைத்தவர்களே.

இறுதி அத்தியாயம்

2010 மார்ச் 12 அன்று வந்த கடைசி அத்தியாயத்தில் டானின் துப்பாக்கி களவுபோகிறது. அதைக் கையில் எடுத்த ஒருவன் தானே நீதி வழங்கப் புறப்பட்டுவிடுகிறான். சார்லிக்கும் அமிதாவுக்கும் அப்போதுதான் திருமணம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குச் செல்ல அவர்கள் ஆயத்தமாகிறார்கள். வழக்கின் முடிவில் டான் ராபினிடம் மணம்புரியக் கேட்க, அவர் சம்மதிக்கிறார். தெருவில் இறங்கித் துரத்தும் வேலையைக் குறைத்துக்கொண்டு நிர்வாகப் பொறுப்புக்கு மாறுவதைப் பற்றியும் டான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. முன்பு சார்லி பிரின்ஸ்டனுக்குப் போனபோது தாய் உடன் சென்றார், அண்ணன் வீட்டில் நின்றான். இப்போது சார்லி மனைவியோடு கடல் கடந்து போகிறார். டான் தந்தையோடு லாஸ் ஏஞ்சலீஸில் இருக்கிறார்.